இசக்கி பழக்கிய கல்

ஏரல் கடைத்தெருவில் இசக்கி வீடு எது என்று கேட்டால், எந்த இசக்கி என்று திருப்பிக் கேட்பார்கள். கல்லுக்கார இசக்கி என்று சொல்லிவிட்டால் போதும், ஆற்றுக்குப் போகிற பாதையைக் கைகாட்டிவிடுவார்கள். வாழைத்தோட்டத்து வேலியை ஒட்டி, வாசலில் சாம்பல் மேடும் சிரட்டைக் குவியலுமாகக் கிடக்கிற வீடு அது. துருவேறிய தோசைக்கல், தீய்ந்துபோன இரும்புச்சட்டி, குழியெல்லாம் பிசுக்கு அடைத்த பணியாரக்கல் என்று எதைக் கொண்டுபோய்ப் போட்டாலும் பத்து நாளில் கருகருவென்று எண்ணெய் மினுக்கத்தோடு திரும்பி வரும். மாவை ஊற்றினால் தோசை தானாக எழும்பும். இப்படி இரும்பை வழிக்குக் கொண்டுவருவதற்குப் பழக்குவது என்று பேர். வண்டிமாட்டைப் பழக்குவதற்கும் அதே சொல்தான்.

அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். கல்லோடு வருகிற பெண்களை வாசலிலேயே நிறுத்தி வைத்து விசாரிப்பாள்.

"சோப்புப் போட்டுத் தேய்ச்சியாளா?"

"இல்லக்கா, ஒரே ஒரு தடவை..."

"ஒரு தடவைன்னா? ஒரு தடவை வெசம் குடிச்சா சாவு வராதோ?"

திட்டினாலும் வேலையில் குறை வைக்க மாட்டாள். முதலில் சிரட்டையும் பனைமட்டையும் அடுக்கிக் கல்லை நடுவில் வைத்து, பைய சூடேற்றி, பழைய பிசுக்கெல்லாம் எரிந்துபோக விடுவாள். வார்ப்பு இரும்பு அவசரம் தாங்காது. சாம்பலுக்குள்ளேயே கிடந்து தானாக ஆற வேண்டும், இல்லாவிட்டால் விரிசல் விட்டுவிடும். ஆறிய கல்லைப் புளி கரைத்த கழுநீரில் ஊறப்போட்டு, செங்கல் தூளும் தேங்காய் நாரும் கொண்டு தேய்த்து, வெயிலில் காயவைத்து, நல்லெண்ணெயைத் துணியில் தொட்டுப் பூசி அடுப்பில் ஏற்றி இறக்குவாள். பூசுவது, புகையவிடுவது, ஆறவைப்பது, மறுபடி பூசுவது. கடைசியில் பாதி வெங்காயத்தைக் கரண்டியில் குத்தித் தேய்த்தால் கல் பேசும் என்பாள்.

தீயில் போடுமுன் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது அவளுடைய வழக்கம். அதற்கு மட்டும் அரைமணி நேரம் எடுத்துக்கொள்வாள். ஒருமுறை ஒரு டீச்சரம்மாள் கொண்டுவந்த கல்லைப் பார்த்துவிட்டு, "ஒங்க வீட்டுல இடக்கைக்காரி யாரு?" என்றாள். மாமியார் என்று டீச்சரம்மாள் சொல்லி, அசந்துபோய் நின்றாள். தோசைத்திருப்பி சுரண்டிய தடம் எல்லாருக்கும் ஒரு பக்கம் விழுந்தால் இடக்கைக்காரிக்கு மறுபக்கம் விழும், அவ்வளவுதான். விறகடுப்பில் இருந்த கல் எது, கேஸுக்கு மாறிய கல் எது, வீட்டில் ஆள் குறைந்து ஒரு தோசையோடு அணைத்துவிடுகிற கல் எது என்று எல்லாம் சொல்லுவாள். சப்பாத்தி போட்ட கல்லைக் கொண்டுவந்து, போடவே இல்லை என்று சாதித்த ஒருத்தியை, "பொய் சொல்லுதது ஒன் வாயி. கல்லு சொல்லாது" என்று விரட்டியே விட்டாள்.

வெள்ளம் வந்த வருஷம் ஆறு ஊருக்குள் புகுந்து, கட்டிலையும் பீரோவையும் அள்ளிக்கொண்டு போனது. மண்ணுக்குள் புதைந்து கிடந்த இரும்புச் சாமான்களை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்து ஏரலில் பாதி வீட்டுக்கு மறுபடி தோசை சுட வைத்தவள் இசக்கிதான். அந்த மாசங்களில் அவளுக்கு மூச்சுவிட நேரமில்லை. கூடவே நின்று கழுநீர் சுமந்தவள் அவளுடைய ஒரே மகள் கலையரசி. புருஷன் போன பிறகு இசக்கிக்கு உலகத்தில் உறவென்று இருந்தது அந்தப் பிள்ளையும், தம்பி மாரிராஜும்தான்.

அடுத்த ஆவணியில் கலையரசியைத் திசையன்விளையில் பெருமாள்ராஜுக்குக் கட்டிக்கொடுத்தாள். மாரிராஜ் பார்த்த மாப்பிள்ளை. தோட்டம், கிணறு, ஆடு, மாடி வைத்த வீடு எல்லாம் இருந்தன. சீர்ச் சாமான்களில் பித்தளையும் எவர்சில்வரும் வழக்கம்போல. ஆனால் தோசைக்கல் மட்டும் கடையில் வாங்கியதல்ல. பழைய இரும்புக்கடை ஹசன் அலி அண்ணாச்சியின் குவியலில் மூன்று நாள் கிளறி, விரலால் சுண்டிச் சுண்டிப் பார்த்து, மணிபோலச் சத்தம் கொடுத்த ஒரு வார்ப்புக் கல்லைப் பொறுக்கினாள். நாற்பது நாள் பழக்கினாள். எந்த ஓட்டலுக்கும் அப்படிச் செய்ததில்லை.

சீர்ப் பாத்திரத்தில் பேர் வெட்டிக் கொடுப்பது முறை. வார்ப்பு இரும்பில் உளி பட்டால் உடைந்துவிடும். அதனால் கல்லின் அடியில் வெள்ளை பெயிண்ட்டால் கலையரசி என்று தன் கையாலேயே எழுதினாள். அவளுக்கு எழுதத் தெரிந்த ஒரே பேர் அது.

"எம்மா, அடுப்புல ஏத்துனா இது எரிஞ்சிருமே" என்று மகள் சிரித்தாள்.

"எரியட்டும். மொதத் தீயில பேரு எரிஞ்சிட்டுன்னா கல்லு அந்த வீட்டுல குடியேறிட்டுன்னு அர்த்தம். பெறவு பேரு எதுக்கு?"

கல்யாணமான முதல் மாசம் கலையரசி போனில் அழுதாள். விஷயம் என்னவென்று தெளிவாகச் சொல்லவில்லை. "இங்கன எனக்கு ஒத்துவரலம்மா. நான் வந்துரட்டா?" என்று மட்டும் கேட்டாள்.

இசக்கி அப்போது ஒரு கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் செங்கல் தூள். "புதுக் கல்லு மொதல்ல ஒட்டத்தான்ளா செய்யும். சூட்டைத் தாங்கித் தாங்கித்தான் பழகும். பைய எல்லாம் சரியாயிரும்" என்றாள். நல்ல யோசனை சொன்னதாகவே நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மகள் அழவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் காலையில் போன் வரும். "என்னளா செய்யுத?" என்று கேட்டால், "தோசை சுடுதேம்மா. ஒன் கல்லுலதான். ஒட்டவே இல்ல" என்பாள். பின்னால் ஆடு கத்துகிற சத்தம் கேட்கும். தோட்ட வீடுதானே, கேட்கத்தான் செய்யும் என்று இசக்கி இருந்துவிட்டாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே வாரம் முழுவதும் காத்திருந்தாள். தன் மகள் ஒரு வீட்டின் அடுக்களையில், தான் பழக்கிய கல்லின் முன்னால் நிற்கிறாள் என்று நினைக்கும்போது அவளுக்கு வயிறு நிறைந்துவிடும்.

இந்த வருஷம் பங்குனியில் ஒரு வியாழக்கிழமை, கலையரசி தோட்டத்துக் கிணற்றில் விழுந்து இறந்துவிட்டாள் என்று தகவல் வந்தது.

தண்ணீர் இறைக்கும்போது கால் வழுக்கியது என்றார்கள். இசக்கி போய்ச் சேர்ந்தபோது பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பெஞ்சில் அவளை உட்கார வைத்து, சாவில் சந்தேகம் உண்டா என்று கேட்டார்கள். மாரிராஜ் காதோரம் குனிந்து, "எக்கா, இழுத்துக்கிட்டுப் போனா பிள்ளைய நாலு நாளைக்கு அங்கனயே போட்டு வச்சிருவானுவ. அவ நல்லாத்தான இருந்தா?" என்றான். இசக்கிக்கு ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. ஒட்டவே இல்லம்மா. நல்லாத்தான் இருந்தாள். சந்தேகம் ஒன்றுமில்லை என்று எழுதிய தாளில் கைநாட்டு வைத்தாள். ஆனாலும் கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் பெண் இறந்தால் கோட்டாட்சியரும் விசாரிப்பது சட்டம், பிறகு தகவல் வரும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

பிள்ளையில்லாமல் பெண் இறந்துபோனால் சீரைப் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பதினாறாம் நாள் கழிந்த மறுநாளே குட்டியானை வண்டியில் எல்லாம் வந்து இறங்கின. பித்தளைக் குடம் புளி போட்டு விளக்கியதுபோல அப்படியே இருந்தது. கடைசியாக மாரிராஜ் ஒரு சாக்கை இறக்கி வைத்தான். அதற்குள் தோசைக்கல். செக்கச்செவேலென்று துரு. ஒரு பக்கம் ஆட்டுப் புழுக்கையும் மண்ணும் அப்பிக் காய்ந்திருந்தன. பதினாறு நாளாக அடுப்பில் ஏறவில்லை, அதனால் துருப்பிடித்துவிட்டது என்று சம்பந்தகாரி பிரேமலதா சொல்லிவிட்டதாக வண்டிக்காரன் சொன்னான்.

பதினாறு நாளில் ஒரு பழகிய கல்லில் அவ்வளவு துரு ஏறாது. ஊருக்கே சொல்லிக்கொடுக்கிறவளுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்கு எதையும் தெரிந்துகொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. மகள் கை பட்ட கல், அதைத் திருப்பிப் பார்த்தால் அந்தக் கை எங்கெங்கே சுரண்டியது என்று கண்ணில் படும், அதை எப்படித் தாங்குவது என்று பயந்தாள். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கல்லைப் பாராமல் தீயில் வைத்தாள். சிரட்டை போதாமல், வெள்ளத்தில் உடைந்த கதவுப் பலகையில் பாதியை வெட்டிப் போட்டாள். நடுவில் ஒரு கெட்ட வாடை வந்தது. கதவு வாடை என்று மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு ஐந்து நாள் அந்தக் கல்லைத் தவிர வேறெதையும் தொடவில்லை. துஷ்டி கேட்க வந்தவர்கள் வந்து உட்கார்ந்து எழுந்து போனார்கள். அவள் எண்ணெய் பூசுவதும் புகையவிடுவதுமாக இருந்தாள். மகளைக் குளிப்பாட்டி அனுப்பக்கூட விடவில்லை, எல்லாம் ஆஸ்பத்திரிக்காரர்களே செய்துவிட்டார்கள். செய்யக் கிடைத்தது இந்த ஒன்றுதான். ஐந்தாம் நாள் மத்தியானம் கல் முகம் பார்க்கிற மாதிரி கறுத்து மின்னியது. அவள் கையிலிருந்து அதற்குமுன் அப்படி ஒரு கல் வந்ததில்லை.

அடியில் பேரை மறுபடி எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. பழைய பெயிண்ட் டப்பாவைத் தேடி எடுத்தாள். கல் ஆறும்வரை பொறுக்காமல் கவிழ்த்துப் போட்டு, 'க' என்று இழுத்தாள். சூட்டில் பெயிண்ட் கொப்பளித்தது, புகைந்தது, வாடை கிளம்பியது.

அன்றைக்குத் தீயில் வந்த வாடை.

எழுந்து ஓடிப்போய், வேலியோரம் கிடந்த மீதிப் பலகையைப் புரட்டிப் பார்த்தாள். பெயிண்ட் காணாத வெறும் மரம். இரண்டு பக்கமும் பார்த்தாள். விளிம்பைப் பார்த்தாள். எங்கும் ஒரு பொட்டுகூட இல்லை. அப்படியென்றால் அன்றைக்கு எரிந்தது மகள் பேர். அவள் மூட்டிய தீயில்தான் அது முதன்முதலாக எரிந்திருக்கிறது. துருவுக்கும் புழுக்கைக்கும் அடியில் அதுவரை பேர் பத்திரமாக இருந்திருக்கிறது.

கல் அந்த வீட்டு அடுப்பில் ஒருநாளும் ஏறவில்லை.

இசக்கி சாம்பலிலேயே உட்கார்ந்துவிட்டாள். கல் கிடந்தது ஆட்டுத் தொழுவில். போனில் கேட்டதும் ஆட்டுச் சத்தம். தோசை சுடுகிறேன் என்று அவள் சொன்ன எந்த ஞாயிற்றுக்கிழமையிலும் தோசை இல்லை. அந்த அடுக்களைக்குள் விடப்படாதவள் எங்கே தின்றாள், எங்கே படுத்தாள், கிணற்றடியில் அன்றைக்கு என்ன நடந்தது? அம்மாவுக்குப் பிடித்த ஒரே பொய்யை வாரம் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள் பிள்ளை. ஏன் சொன்னாள் என்பது இசக்கிக்குத் தெரிந்தது. வந்துரட்டா என்று கேட்டதற்குத் தான் சொன்ன பதில் ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் வந்தது. வயிற்றில் அறைந்துகொண்டு, வேலிக்கு அந்தப்பக்கம் வேலை செய்தவர்கள் ஓடி வரும்படி கத்தினாள்.

கோட்டாட்சியர் விசாரணைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை திசையன்விளைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கல்லைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மாரிராஜோடு போனாள். கைநாட்டு வைத்துக் கொடுத்த வார்த்தையைத் திரும்ப வாங்கிவிட வேண்டும், பிள்ளைக்கு என்ன ஆனது என்று ஒருவராவது தோண்டிக் கேட்க வேண்டும். அவளுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

கோட்டாட்சியர் நடுவயதுப் பெண். பொறுமையாகத்தான் கேட்டார். "முதல்ல சந்தேகம் இல்லைன்னு சொல்லியிருக்கீங்களேம்மா?"

"சொன்னேம்மா. அன்னைக்கு எனக்குத் தெரியாது. எம்மக அந்த வீட்டு அடுக்களைக்குள்ள போகவே இல்ல. ஆட்டோட ஆடாத்தான் வச்சிருந்திருக்காவ. போயிருந்தா இந்தக் கல்லு அடுப்புல ஏறியிருக்கும்." துண்டை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள்.

ஜன்னல் வெளிச்சத்தில் கல் பளபளத்தது. கோட்டாட்சியர் விரலால் தடவினார். விரல் வழுக்கிக்கொண்டு போனது. அதைப் பார்த்தபோதுதான் தான் செய்து வைத்திருக்கிற காரியம் இசக்கிக்கு முழுசாக உறைத்தது.

எதிரே மகனோடு உட்கார்ந்திருந்த பிரேமலதா முந்தானையை வாயில் வைத்து விம்மினாள். "எம்மருமவ கையாண்ட கல்லும்மா. நீங்களே பாருங்க. தெனமும் ரெண்டு நேரம் சுடாம கல்லு இப்படிப் பழகுமா? மயினி, ஒங்களுக்குத் தெரியாததா? நீங்களே சொல்லுங்க."

இசக்கிக்குத் தெரியும். இப்படிப் பழகிய கல்லை யார் கொண்டுவந்து காட்டினாலும், இது தினமும் ஓடுகிற அடுப்பு, பசியறியாத வீடு என்றுதான் அவளும் சொல்லியிருப்பாள்.

"இது நான் பழக்குனது. அஞ்சு நாள்ல. வரும்போது ஒரே துரு. சாக்கை எறக்குனது என் தம்பிதான். அடியில எழுதுன பேருகூட அழியாம இருந்துது."

"துருவோட இருந்தப்போ போட்டோ எடுத்தீங்களா?"

"இல்லம்மா."

"பேரை யாராவது பார்த்தாங்களா?"

இசக்கி மாரிராஜைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க பார்த்தீங்களா?"

"நான் திருப்பிப் பாக்கலம்மா. எரியும்போது வாடை வந்துது."

தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தி நிமிர்ந்தார். இதை எப்படி எழுதுவது என்று கோட்டாட்சியரைப் பார்த்தார். அவர் மாரிராஜ் பக்கம் திரும்பினார். "நீங்கதான் சாக்கை இறக்கினீங்களாமே. கல் எப்படி இருந்தது?"

மாரிராஜ் தான் பார்த்த மாப்பிள்ளையை ஒருமுறை பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். "சாக்கு கட்டியிருந்துதும்மா. நான் கவனிக்கல."

"பிரேதப் பரிசோதனையில வேற காயம் எதுவும் இல்லைன்னுதான் இருக்கு" என்றார் கோட்டாட்சியர். குரலில் இரக்கம் இருந்தது. "நீங்க சொல்றதை எழுதிக்கிறேம்மா."

"சந்தேகம் உண்டுன்னு எழுதுங்க. எம்மகளைக் கொன்னுட்டாவன்னு எழுதுங்க."

"சந்தேகம் உண்டுன்னு எழுதுறேன்."

அவளுடைய வார்த்தையை எழுதினார்கள். அதற்குக் கீழேயே, தாயார் காட்டிய தோசைக்கல் நல்ல உபயோகத்தில் இருந்ததாகத் தோன்றுகிறது என்றும் ஒரு வரி எழுதினார்கள். வாசித்துக் காட்டியபோது இசக்கி மறுத்துச் சொல்ல வாயெடுத்தாள். கல்லைப் பார்த்தாள். கைநாட்டு வைத்துவிட்டு, அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

மாரிராஜை, என் கண்ணில் படாதே என்று சொல்லிவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினாள். சாத்தான்குளத்தில் ஒரு பெண் பனங்கிழங்குக் கட்டோடு ஏறி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் மடியிலிருந்த துண்டு விலகியது. அந்தப் பெண் கல்லைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டி, உரிமையோடு ஒரு தடவு தடவினாள்.

"எம்மா! என்னமா பழகியிருக்கு. ஒரு சொட்டு எண்ணெய் கேக்காதுல்லா இது. யாருக்கா பழக்குனது?"

இசக்கி துண்டை இழுத்து மூடினாள்.

"நாந்தான்" என்றாள். "நாந்தான் தாயி பழக்குனேன். சூட்டைத் தாங்குளான்னு நாந்தான் சொன்னேன்."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிழங்குக் கட்டைக் காலுக்கடியில் சரித்து வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.